5000 ரூபாவுக்குள் நல்ல ஹெட்ஃபோன் வாங்குவது எப்படி?

தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் கிளிநொச்சியில் ரியூசன், மிச்ச நாளெல்லாம் சூம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அரிசி ஆலை. "அண்ணா, சேர் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை, நல்ல செட் ஒண்டு வாங்கித் தாங்கோ" என்றாள். கையில் இருந்தது 5000 ரூபா. அதற்கு முதலே இரண்டு தரம் இதில் காசைக் கரைத்தவன் நான். அதனால் இந்தமுறை ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினேன். அதே ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்ச் சிக்கலை முடிப்போம். எங்கள் பக்கத்தில் காதில் மாட்டும் எல்லாமே 'ஹான்ஸ்ஃப்ரீ'தான். கடையில் அப்படிக் கேட்டால் 300 ரூபாச் சாமான் ஒன்றை எடுத்துத் தருவார்கள். ரப்பர் மூடியோடு காதுத் துவாரத்துக்குள் போவது இன்-இயர். காதின் வாசலில் சும்மா தொங்குவது இயர்பட் (வயரில்லாத குட்டிகளையும் இப்போது இயர்பட்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், குழம்ப வேண்டாம்). காதை முழுதாக மூடுவது ஓவர்-இயர்.

படி 1: எங்கே இருந்து கேட்கப் போகிறீர்கள்?

வீட்டில், மின்விசிறிக்குக் கீழே இருந்து படிக்கவா? வவுனியா பஸ்ஸில் போய்வரவா? வயலில் நிற்கும்போது பாட்டுக் கேட்கவா? இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் முடிவு செய்துவிடுவார்.

ஓவர்-இயர் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் எங்கள் ஏப்ரல் வெயிலில் அரை மணித்தியாலம் போட்டுப் பாருங்கள், காதைச் சுற்றி வியர்வை ஒழுகும். மலிவானவற்றின் செயற்கைத் தோல் மெத்தை அந்த வியர்வையிலேயே ஊறி, கறுப்புக் கறுப்பாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். இந்த விலைக்கு இன்-இயர்தான் என் தெரிவு. வெளிச் சத்தத்தை அது ரப்பர் மூடியாலேயே அடைத்துவிடும், அதற்குப் பற்றரியும் வேண்டாம், சிப்பும் வேண்டாம்.

படி 2: உங்கள் போனின் ஓட்டையைப் பாருங்கள்

3.5 மில்லிமீற்றர் வட்ட ஓட்டை இருந்தால் வேலை சுகம். ரைப் சி மட்டும்தான் என்றால், ரைப் சி முனையுள்ள செட் எடுக்கலாம், இல்லாவிட்டால் ஒரு மாற்றி வேண்டும். மாற்றியில் ஒரு கள்ளம் இருக்கிறது. மிக மலிவானவற்றுக்குள் வெறும் கம்பி மட்டும்தான். சில போன்கள் அந்தக் கம்பி வழியே சத்தம் விடும், பல போன்கள் விடாது. உள்ளே சிறிய சிப் உள்ள, டிஏசி என்று போட்ட மாற்றிதான் நம்பிக்கையானது. எதுவானாலும் உங்கள் போனில் குத்திப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

கணினியிலும் பாவிப்பீர்கள் என்றால் முனையில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று என்றால் மைக் உள்ள செட், இரண்டு என்றால் மைக் இல்லை. மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் வேறுவேறு ஓட்டை உள்ள பழைய கணினிக்கு, மைக்கும் வேலை செய்ய வேண்டும் என்றால் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன வயர் தேவை.

படி 3: வயரா, புளூரூத்தா?

வயர். அவ்வளவுதான்.

காரணம் கேட்பீர்கள். 5000 ரூபாப் புளூரூத் செட்டில் உங்கள் காசு இரண்டு காதுக்கான பற்றரி, சிப், சார்ஜ் பெட்டி எல்லாவற்றுக்கும் பங்கு பிரிந்த பிறகு மிஞ்சுவதுதான் சத்தம் தரும் பகுதிக்குப் போகிறது. வயர் செட்டில் அந்தப் பங்கு பெரிது. அடுத்தது பற்றரி. அந்தக் குட்டி லித்தியம் பற்றரி எப்படியும் சில வருடங்களில் தளரும், வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீற்றுக்குக் கீழே வைத்தால் இன்னும் கெதியாக. பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது.

என் கதையையும் சொல்கிறேன். இணையத்தில் ஒரு கடையில் 'நொய்ஸ் கான்சலேசன்' என்று பெரிதாகப் போட்டிருந்த வயரில்லாத செட் ஒன்று வாங்கினேன். அடுத்த நாள் ஏ9 வீதியில் பஸ்ஸின் முன் சீற், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தேன். எஞ்சின் இரைச்சல் அப்படியே காதுக்குள். அம்மா போன் எடுத்தபோது மட்டும், "எங்க தம்பி நிக்கிறாய், பஸ் சத்தமே கேக்கேல்லை" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் ஈஎன்சி. அது மைக்குக்குரியது. நீங்கள் பேசும்போது மற்றவருக்குப் போகிற இரைச்சலைக் குறைக்கும், உங்கள் காதுக்கு ஒன்றும் செய்யாது. காதுக்குரியது ஏஎன்சி. அதுவும் எஞ்சின் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக அடக்கும், பக்கத்துச் சீற்றில் கதைப்பவரை அல்ல. இந்த ஒற்றை எழுத்தில்தான் என் காசு போனது.

கட்டாயம் வயரில்லாததுதான் வேண்டும் என்றால் ஐபி எண்ணைப் பாருங்கள். அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். எக்ஸ் இருக்கிற இடம் தூசிக்குரியது, அதற்கு மதிப்பீடு இல்லை என்று பொருள். கிரவல் ரோட்டுப் புழுதி தின்கிற எங்களுக்கு அந்த முதல் இலக்கமும் முக்கியம்.

படி 4: பெட்டியில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம்தான். '20 – 20000 ஹேர்ட்ஸ்' என்பது மனிதக் காது கேட்கும் வீச்சு, ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். 40000 என்று போட்டாலும் உங்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கேட்காது. டிரைவர் (சத்தம் தரும் பகுதி) 10 மில்லிமீற்றரா 12 மில்லிமீற்றரா என்பதை வைத்தும் தரம் சொல்ல முடியாது. 'எக்ஸ்ட்ரா பேஸ்', '9டி' இதெல்லாம் கோவில் வாசல் வளையல் கடைக் கூப்பாடு.

பார்க்க வேண்டிய எண் இரண்டு. இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்குச் செட் காட்டும் தடை) 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் போனுக்குச் சரி. உணர்திறன் 100 டெசிபல் அளவில் இருந்தால் குறைந்த வொலியூமிலேயே தெளிவாகக் கேட்கும்.

அதைவிடப் பெரிது, வயர் கழறுமா என்பது. காதுத் துண்டில் இருந்து வயரைக் கழற்றி மாற்றக்கூடிய இரண்டு ஊசி செட்டுகள் இந்த விலையிலேயே கிடைக்கின்றன. மலிவுச் செட்டுகள் பெரும்பாலும் சாவது முனையின் கழுத்தில் வயர் அறுந்துதான், காதுத் துண்டு நன்றாகவே இருக்கும். ஊசி 0.75 மில்லிமீற்றரா 0.78 மில்லிமீற்றரா என்று குறித்து வையுங்கள், பிறகு வயர் மட்டும் வாங்கும்போது உதவும்.

படி 5: காதில் சரியாகப் போட்டுப் பாருங்கள்

சத்தம் நன்றில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் செட்டுகளில் பலவற்றுக்குப் பிழை செட்டில் இல்லை, ரப்பரில். பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் இருக்கும். நடு அளவைப் போட்டபடியே விட்டுவிடுகிறோம்.

ஒரு கையில் செட்டை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் காதின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள், துவாரம் நேராகும். அப்போது செட்டைச் சற்றே திருகி உள்ளே விட்டு, காதை விடுங்கள். இப்போது "ஓம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் இருந்து கதைப்பதுபோல முழங்கினால் அடைப்புச் சரி. வழமைபோல் கேட்டால் காற்றுப் போகிறது, பெரிய ரப்பருக்கு மாறுங்கள். காற்றுப் போனால் முதலில் காணாமல் போவது தாழ்ந்த ஒலிதான். இரண்டு காதுக்கும் இரண்டு அளவு தேவைப்படலாம். எனக்கு வலதுக்கு நடு, இடதுக்குப் பெரிது.

சுகாதாரம் என்று சொல்லிச் சில கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். அது நியாயம்தான். பழைய செட்டில் இருந்து ஒரு சோடி ரப்பரை நன்றாகக் கழுவிக் கொண்டுபோங்கள், "என்ரை ரப்பரைப் போட்டுப் பாக்கிறன் அண்ணை" என்றால் பெரும்பாலும் விடுவார்கள்.

படி 6: கடையில் எதைக் கேட்பது?

கடைக்காரரின் டெமோப் பாட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எந்தச் செட்டிலும் நன்றாகக் கேட்பதற்கென்றே எடுத்த பாட்டு. உங்கள் போனில் மூன்று ஒலிப்பதிவுகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

முதலாவது, ஒரு ஆள் கதைக்கும் பதிவு. தங்கச்சிக்கு நான் கொண்டுபோனது அவளுடைய இரசாயனவியல் சேரின் சூம் பதிவு. குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இடது வலது துண்டுகளைக் காது மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மறுபக்கம் போனால் பிழை செட்டில். அதே பக்கத்தில் நின்றால் ரப்பரையோ உங்கள் காதையோ பார்க்க வேண்டும். 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் ஊசி குத்துகிறதா என்றும் கவனியுங்கள்.

இரண்டாவது, நாதஸ்வரமும் தவிலும். இதில் எங்களுக்கு ஒரு வசதி. கொழும்பில் இருப்பவரைவிட நாங்கள் ஒவ்வொரு வருடத் திருவிழாவிலும் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று அசல் சத்தத்தைக் கேட்டவர்கள். தவிலின் வலந்தலையில் (வலப்பக்கம்) கூடு போட்ட விரல் விழும்போது 'டக்' என்று காய்ந்த, கூர்மையான அடி. தொப்பிப் பக்கத்தில் (இடப்பக்கம்) கழி விழும்போது வயிற்றில் இடிக்கிற அடி. நல்ல செட்டில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். எனக்குக் கடைக்காரர் முதலில் நீட்டிய செட்டில் தொப்பி ஊதிப் பெருத்து வலந்தலையை விழுங்கிவிட்டது. "தம்பி, பேஸ் பாருங்கோ, பொடியள் எல்லாம் இதைத்தான் கேக்கினம்" என்றார். பொடியள் கேட்கட்டும். அதில் சேரின் குரலும் போர்வைக்குள் இருந்து வந்தது. விலை குறைந்த மற்றது ஒன்றில் விரலடிகளை எண்ணவே முடிந்தது, அதை எடுத்தேன்.

மூன்றாவது, உங்களுக்கு மிகப் பிடித்த, நூறு தரம் கேட்ட பாட்டு. அதற்கு விளக்கம் வேண்டாம்.

பாட்டு ஓடும்போதே முனையின் கழுத்திலும் மைக்குக்குப் பக்கத்திலும் வயரை மெதுவாக ஆட்டுங்கள். கரகரத்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாக மைக்கில் உங்கள் குரலைப் பதிந்து திருப்பிக் கேளுங்கள்.

படி 7: பில்

வாரண்டி எத்தனை மாதம், பழுதானால் இந்தக் கடையிலேயே மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதுவியுங்கள். 500 ரூபா குறைவு என்று தூரத்தில் வாங்கிவிட்டு, திருத்த இரண்டு தரம் பஸ் ஏறினால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். பிரபல பெயர் போட்ட செட் வழமை விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் அது போலி. அந்தக் காசுக்குப் பெயர் தெரியாத அசலே மேல்.

படி 8: வாங்கிய பிறகு

வயரைப் போனில் இறுக்கிச் சுற்றாதீர்கள், தளர்வான வளையமாக மடியுங்கள். ரப்பரைக் கிழமைக்கு ஒருதரம் கழற்றிக் கழுவிக் காயவிடுங்கள்.

சத்தத்துக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம். 90 டெசிபல் என்றால் அது வெறும் 4 மணித்தியாலமாகக் குறைகிறது. பஸ்ஸுக்குள் வொலியூமை ஏற்ற வேண்டி வருகிறது என்றால் ரப்பரைத்தான் முதலில் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் போட வேண்டாம். கேற் இல்லாத ரயில் கடவையில் கோச்சி வருவது காதுக்குத்தான் முதலில் தெரியும், பொழுதுபட்டால் யானையும் அப்படித்தான்.

தங்கச்சியின் செட்டில் இப்போது இருப்பது இரண்டாவது வயர். முதலாவதைக் கதிரையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள், ஆட்டுக்குட்டி மென்றுவிட்டது. காதுத் துண்டுகளை விட்டுவைத்தது.