திருவிழாவுக்கு ஒரு தற்காலிக வானொலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதம் படித்துக் கூத்தும் நடத்தும் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டார ஊர்களிலிருந்து விழாக் குழுவினர் என்னிடம் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள். பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களும், நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்களும் கேட்கும்படி, விழா நாட்களுக்கு மட்டும் ஒரு வானொலி நடத்த முடியுமா என்பதே அது. தாராளமாக நடத்தலாம். ஆனால் யார் கேட்கப் போகிறார்கள் என்பதை விட்டுவிட்டு எந்தக் கருவியை வாங்குவது என்பதிலிருந்து தொடங்குவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை வாங்கி, கோயில் மரத்தில் கம்பி கட்டி ஒலிபரப்பத் தொடங்குவது. பிரிட்டனில் இத்தகைய விழாக்களுக்கென 28 நாள் வரையிலான குறுகிய கால உரிமம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே நடைமுறையில் இருப்பது சமுதாய வானொலி. அது கல்வி நிறுவனங்களுக்கும், வேளாண் அறிவியல் மையங்களுக்கும், இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் நிரந்தர நிலையமாக வழங்கப்படுவது. தனிநபருக்கோ பத்து நாள் விழாவுக்கோ அல்ல. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த வகை நிலையங்களுக்கே 100 வாட் திறன், 30 மீட்டர் ஆண்டெனா உயரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் காலத்திலிருந்து குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், தரமற்ற டிரான்ஸ்மிட்டர் தனக்குரிய அலைவரிசையோடு நிற்பதில்லை. நம் வட்டாரத்தில் 102.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் தர்மபுரி வானொலியை அது கெடுக்கலாம். 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விமானங்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளிலும் போய் விழலாம். அந்த ஆபத்தை ஊர் விழாவின் பெயரால் யாரும் ஏற்கக்கூடாது.

எனவே வழி இணைய வானொலிதான். அருகில் ஏற்கெனவே இயங்கும் சமுதாய வானொலி இருந்தால், ஓரிரு மணி நேர நிகழ்ச்சியைப் பதிவுசெய்து அவர்களுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இணையம் என்றதும் செய்யும் அடுத்த தவறு, கைபேசித் தரவை நம்பிக் களத்தில் இறங்குவது. மாலையில் ஒத்திகை பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். இரவு பத்து மணிக்கு ஆயிரக்கணக்கானோர் கைபேசியோடு கூடியதும் கைபேசிக் கோபுரம் திணறி, நம் ஒலிபரப்பு அறுந்து அறுந்து போகும். கோயிலுக்கு அருகில் உள்ள வீடு அல்லது கடையிலிருந்து ஃபைபர் இணைப்பை ஒரு வாரம் முன்பே கேபிள் இழுத்துச் சோதித்துவிட வேண்டும். வேறொரு நிறுவனத்தின் சிம்மைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். களத்து மடிக்கணினியிலிருந்தே எல்லோருக்கும் ஒலியை அனுப்ப முயல்வதும் தவறு. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் 200 பேர் கேட்டால் 12.8 மெகாபிட் மேலேற்ற வேகம் வேண்டும்; வெளியே வாடகைச் சர்வருக்கு ஒரே ஒலி ஓடையை (ஸ்ட்ரீம்) அனுப்பி, அங்கிருந்து பிரித்துக் கொடுத்தால் 64 கிலோபிட் போதும். தரம் வேண்டும் என்று 128 கிலோபிட்டுக்கு உயர்த்துவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. 64 கிலோபிட்டில் மணிக்கு ஏறத்தாழ 29 எம்.பி. செலவாகும், எட்டு மணி நேரக் கூத்தைக் கேட்பவரின் நாள் கணக்கில் 230 எம்.பி. போகும். கட்டுமான வேலை முடித்து அறையில் படுத்தபடி கேட்கும் இளைஞருக்கு அந்தக் கணக்கு முக்கியம்.

ஒலி எடுக்கும் இடத்தில்தான் நான் அதிகம் பாடம் கற்றேன். முதல் முறை, மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து, அதாவது எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் கருவியிலிருந்து, ஒரு வயரை அப்படியே மடிக்கணினிக்கு இழுத்தோம். திடலில் கணீரென்று கேட்ட கூத்து, இணையத்தில் கட்டியங்காரனின் குரலும் அதற்கடியில் ஓயாத ‘ம்ம்’ என்ற இரைச்சலுமாக மட்டுமே கேட்டது. முகவீணை என்ற ஊதுகுழலும் மத்தளமும் தாமாகவே உரத்து ஒலிப்பதால் அவற்றுக்கு மைக் வைக்கும் வழக்கம் அந்தத் திடலில் இல்லை. மிக்சருக்குள் வராத ஒலி வயரில் எப்படி வரும்? மறுநாள் பந்தலின் குறுக்கு மூங்கிலில் இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு, காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டு, பக்கவாத்தியக்காரர்களின் பக்கம் ஒன்றைத் திருப்பினோம். அப்போதுதான் சலங்கை ஒலி கூடக் கேட்டது. இரைச்சலுக்குக் காரணம், சீரியல் லைட் ஓடிய அதே ஜெனரேட்டர் இணைப்பிலிருந்து மடிக்கணினியின் சார்ஜருக்கும் மின்சாரம் எடுத்தது. ஒலிபரப்புக் கருவிகளுக்குத் தனி இணைப்பும் யு.பி.எஸ்.சும் கொடுத்து, மிக்சர் வயருக்கு நடுவே, ஒலியை மட்டும் விட்டு இரு பக்க மின் இணைப்பைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இது பெரும்பாலும் தீரும். ஒலி அளவை உச்சத்தில் வைக்காதீர்கள். வீமன் வேடக்காரர் வீரம் காட்டும் நொடியில் குரல் பிளந்துவிடும். சாதாரணப் பேச்சு பாதி அளவில் நிற்கும்படி விட்டுவைப்பதே சரி.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். கூத்தோ விடிய விடிய நடப்பது. ஆகவே நள்ளிரவுக்குப் பிறகுதான் இந்த வானொலியின் உண்மையான பயன் தொடங்குகிறது. அந்த நேரத்துக்குப் பணியாள் இல்லாமல் அட்டவணை போடுவது வீண். இணைய ஒலி அரை நிமிடம் வரை பிந்தி வரும் என்பதால், திடலிலேயே கைபேசியில் அதைச் சத்தமாக வைக்க வேண்டாம் என்றும் அறிவியுங்கள்.

இடைவேளையில் சினிமாப் பாட்டுப் போடுவது எளிதாகத் தோன்றும். சமயச் சடங்கில் பாட்டு ஒலிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். உள்ளூர்ப் பெண்களின் நடவுப் பாட்டையும் கும்மிப் பாட்டையும் நாமே பதிவுசெய்து வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கலே இல்லை. கூத்துக் குழுவிடமும் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். அவர்களின் கலை ஊரைத் தாண்டிப் போகிறது என்பதால் கூலியும் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழந்தை காணாமல் போனால் பெயர், அப்பா பெயர், உடை நிறம் எல்லாவற்றையும் ஒலிபரப்பிவிடுகிறோம். யார் வேண்டுமானாலும் அந்த விவரங்களைச் சொல்லிக் குழந்தையைக் கேட்டு வர அது வழி செய்யும். வயதை மட்டும் சொல்லி, பெற்றோரைக் காவல் உதவி மையத்துக்கு வரச் சொன்னால் போதும். விவரங்களை அங்கே அவர்கள் வாயால் கேட்டுச் சரிபார்க்கலாம். ஓசூர் பக்கத்து ஊர்களில் இத்தகைய அறிவிப்புகளைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லத் தெரிந்த இருவர் பணியில் இருப்பது அவசியம்.

இறுதி நாள் காலை நடக்கும் படுகளத்தில் துரியோதனனின் மண் உருவம் கிடக்க, திரௌபதி கூந்தல் முடியும் கட்டத்தைக் கேட்கத்தான் வெளியூரில் இருப்பவர்கள் மிகவும் காத்திருப்பார்கள். இரவெல்லாம் விழித்தவர்களையே அதற்கும் உட்கார வைத்தால் மைக்கை நகர்த்த மறந்து தூங்கிவிடுவார்கள். படுகளம் மேடையிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நடப்பதால், நீளமான வயரும் தூங்கி எழுந்த இருவரும் முந்தைய மாலையே தயாராக இருக்க வேண்டும்.