தோட்டா உறையின் கழுத்து இறுக்கம்: ஐம்பதிலும் ஒன்றுபோல் கொண்டுவருவது எப்படி?

ஏற்கெனவே சுட்ட ஐம்பது தோட்டா உறைகளை மறுபடி பயன்படுத்த, அவற்றில் வெடிமருந்து நிரப்பிக் குண்டு பொருத்திக்கொண்டிருந்தேன். பதினோராவது குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. பன்னிரண்டாவது பாதியில் முட்டி நின்றது. குண்டை உறைக்குள் அழுத்தும் கருவியான பிரஸ்ஸின் லீவரைச் சற்று அழுத்திய பிறகு 'கரக்' என்ற சத்தத்தோடு உள்ளே போனது. இரண்டும் ஒரே பெட்டி உறைகள். ஒரே டை (சுட்ட உறையைச் சுருக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), ஒரே மருந்து எடை. மறுநாள் 300 மீட்டர் இலக்கில் துளைகள் பக்கவாட்டில் நெருங்கியும் மேல்கீழாகச் சிதறியும் விழுந்தன. குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபும் அதையே சொன்னது: வேகம் குண்டுக்குக் குண்டு மாறிக்கொண்டிருந்தது.

காரணத்தைப் பிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்தக் காலம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ப்ரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாற்றுவது, மருந்து நிறுப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்து, உரிய உரிமமும் இருந்தால் மட்டுமே இந்த வேலையில் இறங்குங்கள். மருந்தின் அளவுக்கு உற்பத்தியாளரின் கையேடு ஒன்றே ஆதாரம். ஆகவே அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

இறுக்கம் என்றால் என்ன?

குண்டு பொருத்தும் முன் கழுத்தின் வெளிவிட்டம் எவ்வளவு, பொருத்திய பின் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இறுக்கம் என்று சொல்கிறோம். இலக்குத் துப்பாக்கிகளுக்கு 0.002 அங்குலம் என்பது பரவலான தொடக்க அளவு, ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். ஆனால் இந்த எண் கழுத்தின் அளவை மட்டும் சொல்கிறதே தவிர, பிடியின் வலிமையைச் சொல்வதில்லை. குண்டைக் கழுத்து எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பது அளவு, பித்தளையின் கடினம், உட்சுவரின் உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது. நான் முதலாவதை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தேன்.

உறைகளைப் பிரியுங்கள்

ஒரே தயாரிப்பாளர், ஒரே தொகுதி, ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்டவை. இரண்டு முறை சுட்ட உறையையும் ஏழு முறை சுட்டதையும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால், பிறகு என்ன செய்தாலும் வீண். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். கழுத்தின் நீளம் மாறினால் குண்டைப் பற்றும் பரப்பும் மாறும்.

அளவெடுங்கள், காலிப்பரால் அல்ல

சாதாரண டிஜிட்டல் காலிப்பர் 0.001 அங்குலம் அளவுக்குப் பிழை காட்டக்கூடியது. நாம் தேடுவதே 0.002. ஆகவே நல்ல மைக்ரோமீட்டர் ஒன்றும், கழுத்துச் சுவரின் தடிமன் பார்க்க உருண்டைமுனை மைக்ரோமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். விலையுயர்ந்த பிரஸ்ஸைவிட முதலில் இவைதான் வேண்டும் என்பேன்.

கணக்கு எளிது. குண்டு 0.308 அங்குலம், சுவர் 0.0145 என்றால், பொருத்திய கழுத்து 0.337 வரும். அதில் 0.002 கழித்தால் 0.335. அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய புஷ்ஷிங்கின் (டைக்குள் வைத்துக் கழுத்தைச் சுருக்கும் வளையம்) அளவு. கணக்கை நம்பி வாங்குவதற்கு முன், குண்டு பொருத்திய நான்கைந்து தோட்டாக்களை நேரில் அளந்துவிடுங்கள்.

ஒரே கழுத்தில் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கலாம். புஷ்ஷிங் கழுத்தை வெளியிலிருந்து அழுத்துவதால், அந்த மேடுபள்ளம் முழுவதும் உட்பக்கம் தள்ளப்படுகிறது. குண்டு உட்காரப்போவதும் அங்கேதான். அதனால் நான் புஷ்ஷிங்கில் சற்றுக் கூடுதலாகச் சுருக்கிவிட்டு, பிறகு 0.306 அங்குல மேண்ட்ரலை (கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருளைக் கம்பி) மேலிருந்து உள்ளே செலுத்துகிறேன். குறை வெளிப்பக்கம் போய்விடும், உள்துளை வட்டமாக நிற்கும். மேண்ட்ரல் வெளியே வந்ததும் பித்தளை 0.0005 முதல் 0.001 அங்குலம் வரை மீண்டும் சுருங்கும். இது எல்லா உறைகளிலும் ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை.

வழக்கமான டையின் தண்டில் ஒரு விரிப்பான் உருண்டை இருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள். உலர்ந்த கழுத்தினூடே அது மேலே வரும்போது கிறீச்சிடும்; கழுத்தை இழுத்து நீட்டும், சில சமயம் கோணலாக்கவும் செய்யும். கழுத்தைக் கடைந்து மெலிதாக்கும் வேலை தொடக்கநிலையில் வேண்டாம். சுவர் வித்தியாசம் 0.0015 அங்குலத்துக்கு மேல் உள்ள உறைகளைப் பயிற்சிக்கு ஒதுக்கினாலே போதும்.

அனீலிங்

உறை, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது விரிவது, டையில் சுருங்குவது என ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து கடினமாகிறது. கடினமாக ஆக, டையிலிருந்து வெளிவந்ததும் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும். சூடாக்கி மென்மைப்படுத்துவதுதான் அனீலிங். என் அனுபவத்தில், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் செய்வதே சீரான பலன் தருகிறது.

கழுத்துக்குள் சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகும் வெப்பக் குறி மையைத் தடவுங்கள். தோளுக்கு (கழுத்தின் அடியில் உறை அகலும் சரிவு) கீழே 230 டிகிரி மையால் ஒரு கோடு இழுங்கள். சுழலும் உறையின் கழுத்தில் சுடர் படட்டும். மேல் மை உருகியதும் எடுத்துவிடுங்கள். கீழ்க்கோடு உருகக் கூடாது. எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொண்டு, மீதி உறைகளுக்கும் அதே நேரம் கொடுங்கள். உறையின் அடிப்பகுதி ஒருபோதும் மென்மையாகக் கூடாது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அடிப்பகுதி சூடேறியதாகச் சந்தேகம் வந்தால் அந்த உறையை நசுக்கி எறியுங்கள். சூடான உறையைத் தண்ணீரில் போடுவதால் எஃகைப்போலப் பித்தளை கடினமாவதில்லை. வெப்பம் கீழே பரவாமல் நிற்கும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பழைய செய்தி. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரைலாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்ததே காரணம் என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. அதனால் அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் உறைகளில் பயன்படுத்தாதீர்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்: கழுத்தின் உட்புறம்

புஷ்ஷிங்கை மாற்றினேன். மேண்ட்ரல் வாங்கினேன். அனீல் செய்தேன். அப்படியும் அந்தக் 'கரக்' போகவில்லை. மைக்ரோமீட்டரில் எல்லாக் கழுத்தும் ஒரே அளவு காட்டியது.

ஒரு நாள் உறை ஒன்றை விளக்கடியில் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். உட்சுவர் புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. நான் உறைகளைத் தண்ணீரில், துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு மணிக்கணக்கில் உருட்டிக் கழுவி வந்தேன். வெளியே எவ்வளவு அழகோ, உள்ளே அவ்வளவு வெறுமை. சுடும்போது கழுத்துக்குள் படியும் மெல்லிய கரிப் படலம்தான் குண்டுக்கு உயவுப்பொருள். அதை நானே சுரண்டி எடுத்திருக்கிறேன்.

சோதிப்பதற்காக ஒரே தொகுதியில் பத்து உறைகள் எடுத்து, ஐந்தைக் கழுவினேன். ஐந்தில் கரியை விட்டு, நைலான் தூரிகையால் மூன்று இழுப்பு மட்டும் இழுத்தேன். கரி இருந்த ஐந்திலும் லீவர் ஒரே மாதிரி இறங்கியது. கழுவிய ஐந்தில் இரண்டு முட்டின, ஒன்று வழுக்கியது. முட்டியதன் வாயைப் பார்த்தால், குண்டைச் சுற்றி முடிபோல ஒரு செம்பு வளையம். ஊசிகள் மோதி மோதி உறையின் விளிம்பில் மடிப்பு விழுந்திருந்தது. அந்த மடிப்பு குண்டின் செம்பு மேலுறையைச் சீவியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வெறும் பித்தளையோடு செம்பு ஒட்டி நெடுநாள் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இன்று சீராகத் தோன்றும் தோட்டா இரண்டு மாதம் கழித்து அப்படி இருக்காது.

இப்போது நான் செய்வது இதுதான். சோளத்தக்கைத் தூளில் அதிர்வுக் கலத்தில் மட்டும் சுத்தம். பிறகு நைலான் தூரிகை மூன்று இழுப்பு. எல்லா உறைக்கும் மூன்றுதான், எண்ணிச் செய்யுங்கள். விளிம்பைச் சாய்வாகச் சீவும் சேம்ஃபர் கருவியால் வாயின் உள்விளிம்பில் இலேசாக ஒரு சுற்று. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், மேண்ட்ரலுக்கு முன்பும் குண்டு பொருத்தும் முன்பும் கழுத்தை உலர்ந்த கிராஃபைட் தூளில் தோய்த்துத் தட்டிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், மருந்தையும் ப்ரைமரையும் அது கெடுத்துவிடும்.

பொருத்தும்போது

லீவரை மெதுவாக, ஒரே வேகத்தில் இறக்குங்கள். வித்தியாசமாக உணரும் தோட்டாவைத் தனியே வையுங்கள். துப்பாக்கியைச் சூடேற்றும் முதல் சுடுகளுக்கு அவை உதவும். விசை காட்டும் அளவி பொருத்திய பிரஸ்கள் கிடைக்கின்றன. முதல் ஆண்டில் உங்கள் கையே போதும்.

இறுக்கத்தை மாற்றினால் அழுத்தமும் மாறும். கையேடு சொல்லும் குறைந்தபட்ச மருந்தளவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை

முதல் பாதி சுகமாக இறங்கி, கடைசியில் மட்டும் முட்டுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கழுத்தும் தோளும் சேருமிடத்தில் பித்தளை உள்ளே தடித்து வளையமாகத் திரள்வதுண்டு. குண்டின் அடி அந்த வளையத்துக்கு மேலேயே நிற்கும்படி நீளம் அமைத்தால் தீர்ந்தது. முடியாவிட்டால் துளையின் உட்சுவரைச் செதுக்கும் ரீமரால் உள்ளிருந்து சீவ வேண்டும்.

இறுக்கத்தை 0.005 ஆக்கினால் பிடி இன்னும் வலுக்குமா என்று இன்னொருவர் கேட்டார். பெரும்பாலும் வலுக்காது. ஓர் எல்லைக்கு மேல் பித்தளை நிரந்தரமாக விரிந்துவிடும். குண்டே மேண்ட்ரலின் வேலையைச் செய்துவிடுகிறது. தானியங்கித் துப்பாக்கிகளில் தோட்டா அறைக்குள் ஏறும்போது குண்டு பின்னுக்குத் தள்ளப்படக் கூடாது என்பதற்காக 0.003 வைப்பவர்கள் உண்டு. அது நியாயமான காரணம்.

மூன்றாவது சிக்கல், சுட்ட கழுத்து மிகவும் விரிந்திருக்கும் துப்பாக்கிகளில் வருவது. ஒரே அழுத்தில் 0.005 அங்குலத்துக்கு மேல் சுருக்கினால், புஷ்ஷிங்கில் பொறித்த எண்ணைவிடக் கழுத்து இன்னும் சிறுத்துப்போகும். அதுவும் உறைக்கு உறை வேறு அளவில். இரண்டு புஷ்ஷிங் வைத்து இரண்டு படியாகச் சுருக்குங்கள். இந்தச் சிக்கலை எழுதியவர் அப்படிச் செய்து பார்த்துவிட்டு, அளவுகள் சேர்ந்துவந்துவிட்டன என்று மறுபடி எழுதினார்.