தருமபுரி, கிருஷ்ணகிரியில் கடல் மீன் தொட்டி: முதலில் தண்ணீர், கடைசியில் மீன்

தருமபுரியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைத் தொட சாலையில் 200 கிலோமீட்டராவது போக வேண்டும். அதனால் இங்கே கடல் மீன் வளர்க்க முடியாது என்றில்லை. கடலை வீட்டிலேயே கரைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். புதிதாக இறங்குபவர்கள் தொட்டி, விளக்கு, மீன் என்று காசைக் கொட்டிவிட்டு, கடைசியில் தண்ணீருக்கு வீட்டுக் குழாயைத் திறப்பார்கள். முதல் தோல்வி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தொட்டி 36 x 18 x 18 அங்குலம் இருந்தால் போதும். கண்ணாடி 10 மி.மீ. கணக்குப்படி 190 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேல் இடைவெளி போக நிற்கும் தண்ணீர் 160 லிட்டர். இதைவிடச் சின்னது மலிவு என்று தோன்றும். ஆனால் 40 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து ஒளிந்தாலே மற்றவையும் போய்விடும். மொத்த எடை கால் டன்னைத் தொடும், மாடியில் வைப்பதானால் பீம் போகும் சுவர் ஓரமாகப் பார்த்து வையுங்கள். இரும்பு ஸ்டாண்ட் அடித்தால் எபாக்ஸி பெயின்ட் கட்டாயம். உப்புத் திவலை பட்ட சாதா பெயின்ட் சில மாதங்களில் உரிந்து துருவேறும்.

இனி தண்ணீர். இந்த இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவுக்கு வரும், பல் கறையை ஊரெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆனால் கடல் மீனுக்கு ஃப்ளோரைடு முதல் எதிரி இல்லை. கடல் நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு. தொல்லை கொடுப்பவை வேறு. பாறைக்குள் ஊறிவந்த சிலிக்கேட் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி படிய வைக்கும். வயல்களில் போட்ட உரம் இறங்கிய கிணற்றில் நைட்ரேட் இருக்கும். பழைய பைப், மோட்டார் வழியாகச் செம்பு கலந்தால் இறாலும் நத்தையும் பிழைக்காது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் வீடுகளில் இவை குறைவு, ஆனால் குளோரின் இருக்கும்.

ஆக, எந்தத் தண்ணீரானாலும் ஆர்ஓ வழியாகத்தான். வீட்டு ஆர்ஓ மெஷினையே பயன்படுத்தலாம். அதில் இரண்டு வேலை: சுவைக்காக உப்பைத் திரும்பச் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜைத் தாண்டி, மெம்பிரேனிலிருந்து நேராக ஒரு குழாய் எடுக்க வேண்டும், டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அட்ஜஸ்டரை முழுதாக மூட வேண்டும். போர் தண்ணீர் 1200 டிடிஎஸ் என்றால் நல்ல மெம்பிரேன் அதை 100-க்குக் கீழே கொண்டுவரும். அதற்கு மேல் நின்றால் மெம்பிரேன் போய்விட்டது என்று பொருள். மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் வழியாக அந்த நீரை விட்டால் மீட்டர் 0 காட்டும். ஒரு நாளைக்கு 75 கேலன் என்று விற்கும் மெம்பிரேன் மணிக்குச் சுமார் 12 லிட்டர்தான் தரும். 160 லிட்டர் சேர 13, 14 மணி நேரம் ஆகும், கழிவு நீர் மூன்று மடங்கு போகும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு ஏறி மண் கெடும். வாசல் கழுவலாம்.

ஆர்ஓ இல்லாதவர்கள் 20 லிட்டர் கேன் எட்டு வாங்கித் தொடங்கலாம். ஒவ்வொரு கேனையும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். ஒரே கடைக் கேன்கூட ஒரு வாரம் 30, அடுத்த வாரம் 110 காட்டும்.

உப்பு விஷயத்தில் சமையல் உப்பு, கல் உப்பு என்ற பேச்சே வேண்டாம். அது வெறும் சோடியம் குளோரைடு. கடல் நீரில் மெக்னீசியம் 1300 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), கால்சியம் 400-க்கு மேல், இன்னும் பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் வேண்டும். கடல் தொட்டிக்கென்றே விற்கும் சிந்தெடிக் சால்ட் வாங்குங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம், 160 லிட்டருக்கு 5.8 கிலோ. பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். உணவுத்தர பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிப் போட்டு உப்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் கார்பனேட் திரிந்து பால் போல வெளுத்துவிடும், அது திரும்பக் கரையாது. சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் ஓட விடுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது.

உப்பின் அளவைப் பார்க்க, ஒரு துளி நீரில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. இலக்கு அடர்த்தி 1.025 முதல் 1.026 வரை, அதாவது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு). வெறும் ஆர்ஓ நீரை வைத்து பூஜ்யம் சரிசெய்வது பொதுப் பழக்கம், ஆனால் மேலே 35-இல் அது பிசகலாம். 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரைத்தால், அது கருவியில் 35 என்று காட்ட வேண்டும். நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் எடை போட்டு ஒரு பாட்டிலில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். சமையல் உப்புக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள ஒரே வேலை அதுதான்.

கல்லுக்குக் கிருஷ்ணகிரி கிரானைட்டை நினைக்க வேண்டாம். அதில் துளையில்லை, பாக்டீரியா தங்க இடமில்லை. செராமிக்கிலோ சிமென்ட்டிலோ செய்த துளையுள்ள செயற்கைப் பாறை 12 முதல் 15 கிலோ போதும். சிமென்ட் என்றால் சில வாரம் ஊறப்போட்டு, பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கிய பிறகே உள்ளே. பவளமும் கடல் குதிரையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ‘லைவ் ராக்’ என்று கடலோரப் பவளப் பாறையை யாராவது நீட்டினால் கை வைக்காதீர்கள். மணல் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல், ஓர் அங்குல உயரத்துக்கு 15 கிலோ. ஆற்று மணல் சிலிக்காதான், பிஎச்சைத் தாங்காது.

நீரோட்டத்துக்கு மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் வேவ் மேக்கர் ஒன்று, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்க, தொட்டி அளவுக்கு ஏற்ற புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று. ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் வழியும் நீர் பிளக்கைத் தொடாது. மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத லைனில் இந்தத் தொட்டியை மாட்டவே மாட்டாதீர்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மீன் வாங்கக் கை பரபரக்கும். இன்னும் நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற வேண்டும். அதற்குத் தீனி அமோனியம் குளோரைடு, பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான். ஆனால் அந்தக் கடைச் சரக்கில் கலப்பிருக்கும், ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 160 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் 2 பிபிஎம் வரும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் சேர்த்தால் சீக்கிரம் ஆகலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அமோனியா பூஜ்யத்துக்கு இறங்கியதும் மறுபடி 1 கிராம். போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் காணாமல் போகிற நாளில்தான் தொட்டி தயார். நைட்ரைட் இடையில் உச்சத்தில் நின்றால் பதற வேண்டாம், கடல் நீரில் உள்ள குளோரைடு அதன் விஷத்தை மட்டுப்படுத்தும். அமோனியா அப்படியில்லை. பிஎச் 8.2-இல் நன்னீரைவிடக் கடுமையாகக் கொல்லும்.

முதல் மீன் ஒரு ஜோடி கிளவுன் மீன். தொட்டியில் பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்திருக்கிறது. கடலில் இவை ஒட்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலே தொட்டியில் வாழும். மலிவென்று டாம்செல் வாங்கினால் பிறகு வரும் எல்லா மீனையும் அது விரட்டும். ப்ளூ டாங்குக்கு ஆறடித் தொட்டி வேண்டும், ஆசைப்படாதீர்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கொண்டுவரும்போது தெர்மாகோல் பெட்டியில், வெயில் தாழ்ந்த பிறகு. ஐந்தாறு மணி நேரம் மூடிய பையில் அமோனியா சேரும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைக் குறைத்து அதை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலந்தால் பிஎச் ஏறி, அதே அமோனியா நஞ்சாகிவிடும். எனவே கடைக்காரரிடம் அவர் தொட்டியின் அடர்த்தியை முன்பே கேட்டுவிடுங்கள், பலர் 1.020-இல் வைத்திருப்பார்கள். வீட்டில் தனி பக்கெட்டிலோ சின்னத் தொட்டியிலோ அதே அடர்த்தியில் நீர் தயாராக இருக்கட்டும். பையை 20 நிமிடம் மிதக்க விட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து மாற்றுங்கள், பை நீரைக் கொட்டிவிடுங்கள். அங்கேயே நான்கு வாரம் தனிமை. அதற்குள் அடர்த்தியைச் சில நாளாக மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். வெள்ளைப் புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்தால், மீனையெல்லாம் எடுத்துவிட்டு 76 நாள் காலியாக ஓட்ட வேண்டியிருக்கும். செம்பு மருந்து இந்தத் தனித்தொட்டியில் மட்டும்.

வெயில் காலத்துக்கு நம் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. காற்று வறண்டது, ஆகவே நீர்மட்டத்தின் மேல் இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன் வீசினால் 2 முதல் 4 டிகிரி இறங்கும். சென்னை ஈரக்காற்றில் இது அவ்வளவு நடக்காது. நீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்கட்டும், 28 வரை பரவாயில்லை. சித்திரை வெயிலில் ஃபேனுக்கும் அடங்காமல் 30-ஐத் தாண்டினால் 1/10 எச்பி சில்லர்தான் வழி. அதன் சூடான காற்று அதே அறைக்குள் சுற்றக் கூடாது. ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, பதிலாக மார்கழிக் குளிருக்கு 150 வாட் ஹீட்டர் வேண்டும்.

ஃபேன் வீசினால் ஒரு நாளில் 3 லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 35 பிபிடி 40 ஆகிவிடும். தினமும் கண்ணாடியில் போட்ட கோட்டுக்கு ஆர்ஓ நீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு நீரை ஊற்றுவது வாரம் ஒருமுறை 16 லிட்டர் மாற்றும்போதுதான்.

மின்தடைக்கு வேவ் மேக்கரை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். கடல் நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, நீர் அசையாமல் சில மணி நேரம் நின்றாலே மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். 15 வாட் டிசி பம்பை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு முழுநாள் பராமரிப்பு மின்தடைக்கும் தாங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமிச் சூடாகும் என்பதால் வாங்கும்போதே டிசி கேளுங்கள். ஃபேனையும் அதே லைனில் மாட்டுங்கள், மின்சாரம் போவது பெரும்பாலும் உச்சி வெயிலில்தான்.