அரிய ஜெர்மானியக் குடும்பப்பெயரின் மூலம், பொருள், பரவல்: தேடும் முறை

ஜெர்மானியக் குடும்பப்பெயர் ஒன்று கையில் கிடைத்ததும் பலரும் முதலில் அகராதியைப் புரட்டுகிறார்கள். ம்யூலர் என்றால் மாவாலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர். பரவலான பெயர்களுக்கு இந்த வழி ஓரளவு சரிப்படும். அரிய பெயருக்குச் சரிப்படாது. அது எந்த வட்டாரத்துப் பெயர், பழைய ஏடுகளில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிவதற்கு முன் சொல்லும் பொருள் வெறும் ஊகம்தான். முதலில் ஊர், அடுத்து பழைய வடிவம், கடைசியில் பொருள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

உதாரணத்துக்கு நமக்குத் தெரிந்த பெயரையே எடுத்துக்கொள்வோம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் பார்த்தலோமேயு சீகன்பால்கின் குடும்பப்பெயர் ஜெர்மனியிலேயே அரிதானது.

எழுத்து வடிவங்களைத் திரட்டுதல்

தமிழில் வழங்கும் 'சீகன்பால்கு' என்ற வடிவத்தை வைத்துக்கொண்டு ஜெர்மானியத் தரவுகளில் தேட முடியாது. அங்கே முதலெழுத்து இஸட், உச்சரிப்பு 'ட்ஸ'. கடைசி எழுத்து ஜி. ஆனால் ஜெர்மனில் சொல்லின் இறுதியில் வரும் ஜி வல்லோசையாகி 'க்' என்றே ஒலிக்கும். காதால் கேட்டு எழுதிய குருமார்கள் அந்த இடத்தில் ஜி, கே, சிகே, சிஎச் என்று எதையும் போட்டிருக்கலாம். அவர் பிறந்த கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி வட்டாரப் பேச்சில் பி (b) என்ற மெல்லோசைக்கும் அதன் வல்லோசைக்கும் வேறுபாடு மங்கிவிடும். ஆகவே 'பால்க்' பகுதி இரண்டு விதமாகவும் வரலாம். முன்பகுதியின் நெடில் 'ஈ' ஒரே ஐ (i) எழுத்தாகவும், ஐ-யும் ஈ-யும் (ie) சேர்ந்த இரட்டை எழுத்தாகவும் வரும். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து எட்டுப் பத்து வடிவங்களையாவது எழுதிவைத்த பிறகே தேடலைத் தொடங்குங்கள். ஒரே வடிவத்தை மட்டும் தேடிவிட்டு, 'இந்தப் பெயரில் யாருமே இல்லை' என்று முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி உள்ள பெயரானால், புள்ளியோடு ஒருமுறை, புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஈ (e) எழுத்தைச் சேர்த்து ஒருமுறை, புள்ளியே இல்லாமல் ஒருமுறை தேடுங்கள். கடல் கடந்து குடியேறியவர்களின் பெயர்களில் இந்தப் புள்ளிகள்தாம் முதலில் உதிர்ந்துபோகும். 17, 18-ஆம் நூற்றாண்டுத் தேவாலய ஏடுகளில் மனைவி, மகள் பெயருக்குப் பின்னால் 'இன்' என்ற பெண்பால் விகுதி ஒட்டியிருக்கும். அதை வேறொரு குடும்பப்பெயர் என்று பிரித்து வைக்கக்கூடாது.

சில பெயர்களைக் கற்றவர்கள் லத்தீனுக்கு மாற்றிக்கொண்டதும் உண்டு. தமிழ் அகராதி தொகுத்த யோகான் பிலிப் பப்ரிசியுஸின் குடும்பப்பெயர், கொல்லர் அல்லது கைவினைஞர் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'உஸ்' என்று முடியும் பெயர்களுக்கு ஜெர்மன் அகராதியை நாடுவதற்கு முன் லத்தீன் அகராதியைப் பாருங்கள்.

வரைபடமும் எண்ணிக்கையும்

மைன்ட்ஸ் நகரின் அறிவியல், இலக்கியக் கழகம் நடத்தும் ஜெர்மானியக் குடும்பப்பெயர் இணைய அகராதியில் பரவல் வரைபடம் கிடைக்கும். அதற்கு அடிப்படை 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகள். ஒரு இணைப்பு என்பது ஒரு வீடு, ஒரு ஆள் அல்ல. ஆட்கணக்கு வேண்டுமானால் இணைப்பு எண்ணிக்கையை இரண்டரை முதல் மூன்று வரை பெருக்குவது வழக்கம். 20 இணைப்பு என்றால் ஏறக்குறைய 50 முதல் 60 பேர். அரிய பெயருக்கு இதையும் மதிப்பீடாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பெரிய குடும்பங்கள் கூடினாலோ குறைந்தாலோ கணக்கே மாறிவிடும்.

வரைபடத்தில் மொத்த எண்ணிக்கை, மக்கள்தொகைக்கு எத்தனை என்ற விகிதம் இரண்டையும் பாருங்கள். மொத்த எண்ணிக்கையில் பெர்லினும் ஹாம்பர்கும் எப்போதும் தூக்கலாகத் தெரியும். மக்கள் வேலை தேடிப் போன இடங்கள் அவை. விகிதத்தைப் பார்த்தால்தான் பெயரின் பிறப்பிடம் தலைகாட்டும். அதிலும் ஒரு பொறி உண்டு: மக்கள்தொகை குறைந்த மாவட்டத்தில் ஒரே வீடு இருந்தால்கூட அந்த இடம் அழுத்தமான நிறத்தில் காட்டும். அடுத்தடுத்த மூன்று நான்கு மாவட்டங்கள் சேர்ந்து நிறம் பெற்றிருந்தால்தான் நம்பலாம்.

பெயர் எங்கேயும் குவியாமல் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தால் உடனே ஐயப்படுங்கள். சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா, சுடேட்டன் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் 1945-க்குப் பின் வெளியேற்றப்பட்டு மேற்கே சிதறினார்கள். அந்தப் பெயர்களின் தாய்நிலம் பெரும்பாலும் இன்றைய ஜெர்மனி வரைபடத்திலேயே இல்லை. அப்போது கைகொடுப்பவை முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். 30,000-க்கும் மேற்பட்ட பக்கங்களில் வீரர்களின் பெயரோடு பெரும்பாலும் ஊரும் இருக்கிறது. ஜெர்மானிய மரபுவழி ஆய்வுச் சங்கம் ஒன்று அவற்றைத் தேடக்கூடிய தரவுத்தளமாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பரவலைக் காண இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு பெயர் ஏன் அரிதாகிறது? மகள்கள் மட்டும் பிறந்த கிளையில் பெயர் நின்றுபோகும். திருமணத்துக்குப் பின்னும் அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ள 1991-இல்தான் அரசியல் சட்ட நீதிமன்றம் வழி திறந்தது. அதற்கு முன் எத்தனையோ பெயர்கள் இப்படி அற்றுப்போயின.

பதிவேடுகள்

அரசுப் பதிவகங்கள் பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும் ஜெர்மனி முழுவதும் 1876 ஜனவரியிலும் தொடங்கின. எழுத்து வடிவங்கள் பெரிதும் நிலைபெற்றது அதன் பிறகே. பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளும் பதிவகத்தில் இருக்கும். பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். எனவே 1890-இல் பிறந்த ஒருவருக்காகப் பதிவகத்துக்கு எழுதுவது வீண். நகரக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

1876-க்கு முந்தையது பெரும்பாலும் தேவாலய ஏடுகளில் இருக்கிறது. புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு ஆர்க்கியோன் என்ற கட்டணத் தளம், கத்தோலிக்க ஏடுகள் பலவற்றுக்கு மட்ரிகுலா என்ற இலவசத் தளம். முப்பதாண்டுப் போரில், அதாவது 1618 முதல் 1648 வரை, எரிந்துபோன ஏடுகள் ஏராளம். பல ஊர்களில் தேடல் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

ஏடுகள் குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்தில் இருக்கும். அதில் ஈ (e) எழுத்தும் என் (n) எழுத்தும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். நீண்ட எஸ், எச், எஃப் மூன்றும் குழப்பும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். அதே பக்கத்தில் மாதப் பெயர்களையும் யோகான், அன்னா, மரியா போன்ற வழக்கமான பெயர்களையும் கண்டுபிடித்து, அந்த எழுத்தருக்கே உரிய எழுத்து அட்டவணையை நீங்களே தயாரியுங்கள். பிறகு குடும்பப்பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு பெயரை ஒரே பதிவிலிருந்து முடிவுசெய்யாமல் மூன்று பதிவுகளிலாவது பார்த்துவிடுவது நல்லது.

பொருளுக்கு வருதல்

சீகன்பால்கு 1682-இல் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே உள்ள சாக்சனிச் சிற்றூர். இடம் இப்படி உறுதியான பின் பெயரைப் பிரிக்கலாம். 'ட்சீகெ' வெள்ளாடு. 'பால்க்' என்பதற்கு இன்றைய பேச்சில் அடங்காப் பிள்ளை என்றும் ஒரு பொருள் உண்டு. அதை எடுத்தால் வழி தவறும். இடைக்கால ஜெர்மன் அகராதிகளில் அது கிழிக்காமல் முழுதாக உரித்த தோல், தோல்பை, துருத்தி. ஆகவே பெயர் 'வெள்ளாட்டுத் தோல்'. இது தொழிலை ஒட்டி எழுந்த பட்டப்பெயராக இருக்க வாய்ப்பு அதிகம்: தோல் பதனிடுபவர், தோல்பை தைப்பவர் அல்லது தோல் வியாபாரி. மூவரில் யார் என்பதைப் பெயர் சொல்லாது. பெயரை முதலில் தாங்கியவரின் தொழிலைக் குறிக்கும் ஆவணம் கிடைத்தால்தான் அதைச் சொல்லலாம்.

இங்கே வட்டாரச் சொல் பெரிய சான்று. தென் ஜெர்மனியில் வெள்ளாட்டுக்கு மரபான சொல் 'கைஸ்'. 'ட்சீகெ' நடு ஜெர்மனிச் சொல், லுத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பால் பரவியது. பெயரில் 'ட்சீகெ' இருப்பதும் ஊர் சாக்சனியில் இருப்பதும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இப்படிப் பொருளும் இடமும் பொருந்தினால் நம்பலாம். பொருந்தாவிட்டால் பிரித்த விதத்தை மீண்டும் பாருங்கள்.

சீகன்பால்கின் தந்தை தானிய வியாபாரி. அதை வைத்து தோல் தொழில் விளக்கம் தவறு என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் பெயர் பல தலைமுறை பழையதாகி, தொழிலோடு இருந்த தொடர்பு அறுந்திருக்கும்.

சீகன்பால்கோடு தரங்கம்பாடிக்கு வந்த ஹைன்ரிக் ப்ளூட்சாவின் பெயர் வேறு வகை. அவர் பால்டிக் கடலோர வடக்கிலுள்ள மெக்லென்பர்க் பகுதிக்காரர். அங்கே 'ஆவ்' என்று முடியும் பெயர்களில் பல ஸ்லாவிய ஊர்ப்பெயர்களின் திரிபு. அந்த ஈறு ஜெர்மனில் ஆற்றோரப் புல்வெளியையும் குறிக்கும் என்பதால் புதியவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எல்பே ஆற்றுக்குக் கிழக்கே கிடைக்கும் பெயர் 'ஆவ்', 'இட்ஸ்', 'ஓ' என்று முடிந்தால், 1912-க்கு ஒட்டிய ஜெர்மானியப் பேரரசின் ஊர் அகரவரிசையில் அதே ஒலியுள்ள கிராமம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்; கிடைத்தால் ஸ்லாவிய வேரைப் பாருங்கள்.

பெயருக்கென்று குலச்சின்னம் அச்சிட்டு விற்கும் கடைகளை நம்ப வேண்டாம். ஜெர்மனியில் குலச்சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது. அதே பெயர் உள்ள எல்லோருக்கும் அது சொந்தமாகாது.