கைப்பேசியில் செய்முறைத் தேர்வு மதிப்பீடு: மலைக் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு வழிமுறை

இளநிலை வேதியியல் செய்முறைத் தேர்வில் இறுதி விடையையும் ரெக்கார்டு நோட்டையும் பார்த்தே பெரும்பாலும் மதிப்பெண் இடுகிறோம்; மாணவர் மேசையில் என்ன செய்தார் என்பதற்குச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. இக்குறையைப் போக்க, உதகமண்டலத்தில் நான் பின்பற்றும் முறையை, கரிமத் திரவம் ஒன்றின் கொதிநிலை காணும் சோதனையை முன்வைத்து விளக்குகிறேன். எக்செல் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதுவதால் அதன் அடிப்படைகளைத் தொடவில்லை.

படி 1: சோதனையைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாகப் பிரியுங்கள். ‘திறமையாகச் செய்தார்’ என்ற வரிக்கு அகத் தேர்வாளர் (நம் கல்லூரி ஆசிரியர்) ஒரு பொருளும் புறத் தேர்வாளர் (வெளிக் கல்லூரியிலிருந்து வருபவர்) வேறொரு பொருளும் கொள்வார்கள். அதற்குப் பதிலாக, ‘திரவக் குழாயை வெப்பமானியின் குமிழோடு ஒட்டிக் கட்டினார்’, ‘குமிழிகள் விடாமல் வந்ததும் சுடரை விலக்கினார்’, ‘குமிழிகள் நின்று, திரவத்தில் தலைகீழாக நிற்கும் நுண்குழாய்க்குள் திரவம் ஏறத் தொடங்கியபோது அளவைக் குறித்தார்’ என்று எழுதினால் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறையும். ஒவ்வொன்றுக்கும் ‘ஆம், ஓரளவு, இல்லை’ என்ற மூன்று தெரிவுகள் போதும்; மதிப்பெண் கணக்கு தேர்வாளர் கண்ணில் படாமல் பின்னால் நடக்கட்டும்.

படி 2: இந்த வரிகளை எக்ஸ்எல்எஸ் படிவமாக்கி (கேள்விகளை எக்செல் தாளில் வரிசையாக எழுதும் வடிவம்), படிவங்களைச் சேமித்துப் பதில்களைத் திரட்டும் கோபோ டூல்பாக்ஸ் இணையதளத்தில் ஏற்றி, அவற்றைக் கைப்பேசியில் நிரப்ப உதவும் ஓடிகே கலெக்ட் செயலியில் இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் ஃபார்ம்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இணையம் இல்லாமல் இயங்காது. இங்கோ தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும். ஓடிகே, விவரங்களைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து சிக்னல் வந்ததும் அனுப்பும். வெப்பமானி அளவையும் பதிவெண் சீட்டையும் ஒரே படத்தில் எடுக்க ஒரு கேள்வி சேருங்கள், முகம் வேண்டாம்.

படி 3: சரியான விடையை நிர்ணயித்தல். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பாடநூல் கொதிநிலைகள் கடல்மட்ட அழுத்தத்துக்கு உரியவை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் சுமார் 770 முதல் 780 ஹெக்டோபாஸ்கல்தான். ஆகவே நீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியும், எத்தனால் 78.4 டிகிரிக்குப் பதிலாக 72 டிகிரியை ஒட்டியும் கொதிக்கும். எல்லாத் திரவங்களுக்கும் ஒரே எண்ணைக் கழித்துவிடவும் முடியாது: நீருக்கு ஏறத்தாழ 7 டிகிரி குறைந்தால் டொலுவீனுக்கு ஏறத்தாழ 9 டிகிரி குறைகிறது. ஒவ்வொரு திரவத்தின் ஆவியாதல் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு அழுத்தத்துக்கு ஏற்பக் கொதிநிலை மாறுவதைக் கூறும் கிளாசியஸ்–கிளாபிரான் சமன்பாட்டை எக்செலில் போட்டுக் கணக்கிடுவதே முறை. உருகுநிலை அழுத்தத்தால் கணிசமாக மாறாது. அங்கே பாடநூல் மதிப்பையே வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு நாளின் அழுத்தத்தை அறிய, ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி உதவும். கணக்கிட்ட மதிப்பிலிருந்து 2 டிகிரி வரையிலான விலகலுக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். ஆனால் இந்த எல்லையைப் படிவத்தின் கட்டுப்பாடாக (எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைப் படிவமே ஏற்காதபடி) வைக்கவே கூடாது. படிவம் ஓர் எண்ணை ஏற்க மறுத்தால், அந்த மறுப்பே விடை தவறு என்று காட்டிக்கொடுத்துவிடும். மாணவர் எண்ணைத் திருத்துவார், தேர்வாளரும் அதை ஏற்றுக்கொள்வார். 40 முதல் 200 வரை எதையும் ஏற்கும்படி விட்டுவிட்டு, சரிபார்ப்பைப் பிறகு எக்செலில் செய்யுங்கள்.

படி 4: இரு தேர்வாளர்களும் தனித்தனிக் கைப்பேசியில், ஒருவர் பதிவை மற்றவர் பாராமல் நிரப்ப வேண்டும். பதிவெண் வாரியாக இரண்டையும் அருகருகே வைத்து, ஒருவர் ‘ஆம்’ என்றும் மற்றவர் ‘இல்லை’ என்றும் இட்ட வரிகளை மட்டும் படத்தைப் பார்த்து இருவரும் சேர்ந்து பேசித் தீர்த்தால் போதும். ஒரே வரியில் பலருக்கும் முரண்பாடு வந்தால் குறை அந்த வரியின் வாசகத்தில்தான் இருக்கும். அடுத்த தேர்வுக்குள் அதை மாற்றி எழுதுங்கள்.

பின்சேர்க்கை: இம்முறையைக் கையாண்ட கொடைக்கானல் ஆசிரியர் ஒருவர், நீரின் கொதிநிலை தமக்கு 100 டிகிரி என்றே கணக்கில் வருவதாக எழுதியிருந்தார். அவர் எடுத்தாண்டது வானிலைச் செயலி காட்டிய அழுத்தம். அத்தகைய செயலிகள் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய மதிப்பையே தருவதால், மலைமேலும் 1,013 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிய எண்ணே வரும். நமக்கு வேண்டியது அந்த இடத்தின் நேரடி அழுத்தம். காற்றழுத்த உணரி இல்லாத கைப்பேசியில் ஃபைஃபாக்ஸ் அழுத்தத்தைக் காட்டாது; அப்போது இயற்பியல் துறையின் ஃபார்ட்டின் பாரமானியில் (பாதரசத்தால் காற்றழுத்தம் அளக்கும் கருவி), பாதரச மட்டத்தை அதிலுள்ள யானைத் தந்த முனையோடு பொருத்திய பின் அளவெடுத்து, அந்த மில்லிமீட்டர் எண்ணை 1.333 ஆல் பெருக்கி ஹெக்டோபாஸ்கலாக எக்செலில் இடுங்கள்.