பிரித்தானியப் படைக் குடும்ப விசா: மலையகத்திலிருந்து விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானிய இராணுவத்தில் சேர வேண்டுமானால் அந்த நாட்டில் ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுநலவாய நாட்டவருக்கு இருந்தது. 2018 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வழியில் படையில் சேர்ந்த ஒருவரையோ, முன்பே அங்கே குடியேறிப் படையில் இருக்கும் ஒருவரையோ மணமுடித்துவிட்டு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பொகவந்தலாவைத் தோட்டமொன்றிலோ காத்திருக்கும் மனைவிக்காகவும், அவரது பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். கணவர் பக்கத்து ஆவணங்களில் பெரும்பாலும் சிக்கல் இராது. சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் கடிதம் எல்லாம் அச்சடித்தாற்போல வந்துவிடும். தடுக்கி விழுவது அநேகமாக நம் பக்கத்தில்தான்.

முதலில் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியப் படையினரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் குடிவரவு விதிகளில் தனிப் பகுதி இருக்கிறது. அது தெரியாமல் சாதாரணக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. ஏஜென்சிக்காரருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான் என்றால் அதையே நிரப்பிக் கொடுத்துவிடுவார். வித்தியாசம் சின்னதல்ல. 2024 ஏப்ரலில் சாதாரண வழிக்கான வருமான வரம்பு 29,000 பவுணாக உயர்ந்தது. படையினரின் குடும்பங்களுக்கு அதே மாதத்தில் 23,496 பவுண் என்று தனியாக வைத்தார்கள். சாதாரண வழியில் முதலில் கிடைப்பது 2 வருடம் 9 மாதம். படையினரின் துணைக்கு 5 வருடம் வரை கிடைக்கும். கணவரின் சேவை அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் அதுவரை. அப்புறம் சுகாதாரக் கட்டணம், அதாவது அங்குள்ள அரச மருத்துவ சேவைக்காக விசாவோடு சேர்த்துக் கட்டும் பணம். சாதாரண வழியில் வயதுவந்த ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண், மீதி 9 மாதத்தையும் ஒரு வருடமாகக் கணக்கிட்டு முதல் விசாவுக்கு மட்டும் 3,105 பவுண் கட்ட வேண்டும். படையினரின் குடும்பத்தினருக்கு அந்தக் கட்டணமே இல்லை. நம் குடும்பங்களில் இந்தத் தொகைக்காக நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கட்டணங்களும் வரம்புகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நம் பக்கத்துக்கு வருவோம். பெரிய தலைவலி பெயர்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகம் அறிவிக்க, பதிவாளர் எழுதிய காலம் உண்டு. தமிழ்ப் பெயர் சிங்களத்தில் பதிவாகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போகும். பெரியசாமியின் மகள் கலாதேவி என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். அடையாள அட்டையில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், பாடசாலைச் சான்றிதழில் வெறும் தலைப்பெழுத்தாக இருக்கும். கடவுச்சீட்டில் தேவி ஆங்கில 'ஐ'யில் (i) முடிந்திருக்கும், விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் 'வை'யில் (y) முடிந்திருக்கும். நமக்கு இதெல்லாம் ஒரே கலாதான். விசா அதிகாரிக்குக் கலாவைத் தெரியாது. அவர் கையில் இருப்பது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஐந்து தாள்கள் மட்டுமே.

ஆகவே விசாப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் தந்தை பெயர் ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரெழுத்து வித்தியாசம் என்றால் இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைப்பது உதவும். பெயரே வேறு, அல்லது பிறந்த வருடம் வேறு என்றால் சத்தியக் கடதாசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் உள்ள மாவட்டப் பதிவாளர் பிரிவுக்குப் போய் பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பியுங்கள். பிறகு அடையாள அட்டை, அதன் பிறகு கடவுச்சீட்டு என்று அந்த வரிசையிலேயே திருத்த வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். அதனால்தான் கல்யாணப் பேச்சு முடிவானதுமே தொடங்கச் சொல்கிறேன். கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, கண்டியிலும் அலுவலகம் உண்டு. விசாப் படிவத்தில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பிலும் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. சிங்களத்திலோ தமிழிலோ உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் குத்திய தாள் போதாது. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கையோடு கொண்டுபோனால் எழுத்துக்கூட்டல் பிசகாது.

விலாசத்தையும் கவனியுங்கள். லயத்து வீட்டுக்குத் தெருப் பெயர் கிடையாது. படிவத்தில் ஒருவிதமாகவும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழில் வேறுவிதமாகவும் போடாமல், டிவிஷன், தோட்டம், நகரம் என்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் மனக்கஷ்டத்தோடு எழுதுகிறேன். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களில் சிலர், ஏஜென்சிக்காரர் வயதைக் கூட்டி எடுத்துக் கொடுத்த கடவுச்சீட்டில் போனவர்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதில் வேறு பிறந்த தேதி இருக்கும். இப்போது சரியான தேதியில் புதுக் கடவுச்சீட்டு எடுத்த பிறகு, பழையதைப் பற்றி வாயே திறக்காதே என்று வீட்டில் சொல்வார்கள். படிவத்திலோ முந்திய பயணங்கள், முந்திய விசாக்கள், மறுப்புகள் பற்றிக் கேள்வி வருகிறது. மறைத்தது பின்னால் தெரிய வந்தால், செய்யாத குற்றத்துக்கு அந்தப் பெண்ணே பொய் சொன்னவளாக நிற்பாள். அடுத்தடுத்த விண்ணப்பங்களையும் அது பாதிக்கும். நடந்ததை நடந்தபடி ஒரு கடிதமாக எழுதி, பழைய கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து, அனுப்புவதற்கு முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவள் அந்தப் பெண் இல்லை.

கோயிலில் தாலி கட்டி, தோட்டமே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணமாக இருந்தாலும் விவாகப் பதிவு இல்லாவிட்டால் அது கணவன் மனைவி விசாவுக்கு உதவாது. லீவில் வந்தவர் திரும்பிப் போகும் அவசரத்தில் பதிவைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். பிறகு அதற்காகவே அவர் இன்னொரு லீவு எடுக்க வேண்டும். கல்யாண ஆல்பம் முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. சில படங்கள், அவர் பணம் அனுப்பிய ரசீதுகள், வெவ்வேறு மாதங்களில் பேசியதற்கான பதிவுகள், அவர் வந்துபோன கடவுச்சீட்டு முத்திரைகள் போதும்.

காசநோய்ப் பரிசோதனையை முந்திக்கொண்டு செய்துவிட வேண்டாம். இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில்தான் அதைச் செய்ய வேண்டும், அது கொழும்பில் இருக்கிறது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்காகக் கடைசி வாரம் வரை விட்டுவைப்பதும் சரியில்லை. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளிப் பரிசோதனை கேட்டால் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்வில் பேசுவதும் கேட்பதும் ஏ1 என்ற தொடக்க நிலையில் இருந்தால் போதும். விசாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தேர்வா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள். சாதாரண ஐஈஎல்டிஎஸ்ஸில் எவ்வளவு நல்ல புள்ளி எடுத்தாலும் இதற்கு ஏற்கமாட்டார்கள்.

பிள்ளை இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். தாயின் விண்ணப்பத்தில் பெயரைச் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் திருமணத்துப் பிள்ளை என்றால் மற்றப் பெற்றோரின் நிலை, யார் வளர்த்தார்கள் என்பதெல்லாம் கேட்கப்படும். பிள்ளையை இத்தனை காலம் வளர்த்த அம்மாயியையும் கூட்டிப் போகலாம் என்று சிலர் நம்பிக்கை கொடுக்கிறார்கள். இந்த விசா துணைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே. அம்மாயிக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கணவருக்குச் சைப்ரஸில் போஸ்டிங் வந்தால் பிரித்தானிய விசாவை வைத்துக்கொண்டு அங்கே போய்விட முடியாது. அது வேறு நாடு. டிக்கெட் எடுப்பதற்கு முன் அவரது படைப்பிரிவின் நலன்புரி அதிகாரியிடம் அங்குள்ள நடைமுறையைக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் விசாப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று அந்த அதிகாரியிடமோ சக வீரர்களிடமோ கேட்க வேண்டாம். பதிவுபெற்ற ஆலோசகர்கள்தான் குடிவரவு ஆலோசனை சொல்லலாம் என்பது அங்கே சட்டம். ஆர்மி ஃபேமிலிஸ் ஃபெடரேஷன் என்ற அமைப்பில் வெளிநாட்டு வீரர்களின் குடும்பங்களுக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கணவர் அவர்களைத் தொடர்புகொள்ளட்டும்.

ஊரில் யாரிடமாவது கொடுத்து நிரப்பினாலும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும், அதற்குத் தவணையும் இருக்கும். கடவுச்சொல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, அனுப்பிய படிவத்தை முழுவதுமாக அச்செடுத்து, ஒவ்வொரு பதிலையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் பஸ் ஏறலாம்.