டி-ஷர்ட்டில் விட்டு விட்டு விழுந்த தையல்

வீட்டுக்காரரின் பழைய டி-ஷர்ட்டையும் அம்மாவின் நைந்த பருத்திச் சேலையையும் சேர்த்து மகளுக்கு ஒரு கவுன் தைக்க உட்கார்ந்தேன். மேலே டி-ஷர்ட், கீழே சேலைப் பாவாடை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் இருப்பது பாட்டி எஸ்டேட் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) கொண்டுவந்த மிதி மிஷின்தான்.

சேலையில் தையல் முத்து முத்தாக விழுந்தது. டி-ஷர்ட் துணிக்கு வந்ததும் நாலு தையல் விழும், ரெண்டு தாவும். நூலை மாற்றினேன், எண்ணெய் விட்டேன், பாபினைக் கழற்றித் துடைத்தேன், நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகைத் திருகித் திருகி அதன் பழைய இடமே மறந்துபோச்சு. மூன்று நாள் போனது.

பிரித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: தையல் ஓடிய வழியெல்லாம் பொடி ஓட்டைகள். டி-ஷர்ட் பின்னல் துணி; கூர் ஊசி அந்தப் பின்னல் இழையை அறுத்திருக்கிறது. போதாததற்கு, இழுபடும் துணி ஊசியோடு சேர்ந்து மேலும் கீழும் போவதால் நூல் வளையம் சரியாக விழாது, மிஷினுக்கு அடியில் இருக்கும் கொக்கி அதைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

தையல் சாமான் கடையில் பால்பாயிண்ட் ஊசி, 75/11 அளவு, சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கினேன். அதன் முனை உருண்டை. இழையைக் குத்தாமல் விலக்கிவிட்டு இறங்கும். மாட்டியதும் ஒரு தையல்கூடத் தாவவில்லை. அப்பாடா!

எங்கள் மிதி மிஷினில் நேர்த்தையல் மட்டும்தான்; அது துணியோடு சேர்ந்து இழுபடாது. அதனால் துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தே தைத்தேன். இல்லாவிட்டால் தலை வழியாகப் போடும்போது நூல் படக்கென்று அறும்.